அப்பா கலந்துவிட்ட ஆய்வு

அப்பா கந்தப்பன் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அரைத்த கொழுந்தைப் பரப்பி, செம்பு நிறம் வரக் கிடத்தி, உலர்த்தும் அடுப்புக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. எவ்வளவு நேரம் கிடக்க வேண்டும் என்பதைத் தோட்ட நிர்வாகியான துரை முடிவு செய்வார். மழையானாலும் வெயிலானாலும் அதே நேரம். தேயிலைத் தூள் கெட்டால் மட்டும் கந்தப்பனின் கை சரியில்லை.

1963இல், இன்னொரு முறை கெட்டால் மலைக்கு அனுப்பிவிடுவேன் என்றார் துரை. மலை என்றால் மழையில் புல்வெட்டு. அப்பாவுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு.

நான் புள்ளியியல் படித்து, தலவாக்கலைத் தேயிலை ஆய்வு நிலையத்தில் உதவியாளனாக இருந்தேன். குற்றம் கையில் இல்லை, நேரத்தில்தான் என்று காட்டத் துரையிடம் ஒரு வாரம் அனுமதி வாங்கினேன். ஒரே கொழுந்தை மூன்றாகப் பிரித்து, எந்தப் பங்கு எவ்வளவு நேரம் கிடக்கும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். கிடக்கும் நேரத்துக்கு ஏற்ப முன்பின்னாக அரைப்பதால் மூன்றும் ஒன்றாக அடுப்புக்கு வரும். குறைந்தது ஒரு பங்காவது மோசமாக வர வேண்டும், அதுதான் சாட்சி. அப்பாவுக்குப் பலமுறை விளக்கினேன். தலையாட்டினார். நான் அடுப்பருகே நின்றேன்; பரப்பும் இடத்தில் அப்பா மட்டும்.

வார முடிவில் துரை ருசி பார்த்தார். எல்லாக் கோப்பைகளும் ஒன்றுபோல் இருந்தன. என் கணக்கும் நேரத்தால் வித்தியாசமில்லை என்றது. அப்படியானால் மிச்சம் கைதான் என்றார் துரை. மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அப்பாவின் பெயரைப் புல்வெட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

லயத்து வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். மூன்றையும் ஒன்றாகக் கலந்து, மறுபடி பிரித்து அனுப்பினாராம்.

"தெரிஞ்சே கெட்ட தூள தொரை வாயில வைக்கச் சொல்றியா தம்பி? நல்லதோட கலந்துட்டா தெரியாதுல்ல."

"தெரியணும்னுதாங்கப்பா செஞ்சதே."

"கந்தப்பன் மகன் வந்து தூள கெடுத்தான்னு பேரு வரும். ஒன் மானத்தையும்தான் காப்பாத்துனேன்."

உள்ளதைத் துரையிடம் சொல்லப் புறப்பட்டேன். மறித்தார். கலப்படக்காரன் என்ற பெயருக்குப் புல்வெட்டே மேல் என்றார். அம்மா பேச்சியம்மா இருவரையும் பார்த்தாள்.

"படிச்ச கழுதையும் படிக்காத கழுதையும் சேந்து பொதிய ஆத்துல போட்டுட்டீங்க."

வேறொரு தோட்டத்தில் அதே ஆய்வைச் செய்தேன். அங்கே யாரும் கலக்கவில்லை; நேரம்தான் காரணம் என்று தெளிவாக வந்தது. அந்த அறிக்கையைப் பார்த்து எங்கள் துரை நேரத்தை மாற்றினார். அப்பாவைத் திரும்பக் கூப்பிடவில்லை. அவர் இடத்தில் மூக்கன் நின்றார்.

இரண்டு வருடம் மழையில் புல்வெட்டி, இழுப்பு முற்றி அப்பா இறந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள், இப்போதெல்லாம் தூள் கெடுவதே இல்லை, மூக்கனுக்கு நல்ல கைராசி என்று என்னிடமே சொன்னார்கள்.