மாடலுக்குச் சொல்லாத கம்பி

சிறுசேரியில் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடம் எழும்பியபோது அங்கே நான் கம்பி மேஸ்திரி. செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, முந்தின நாள் கட்டிய கம்பிகளை மனதுக்குள் மறுபடி எண்ணிக்கொண்டே போவேன். எண்ணி முடிக்கும்போது ஒன்று குறைகிற மாதிரி இருக்கும். இறங்கியதும் நேராக அங்கே போய்ப் பார்ப்பேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு, தான் செய்தது சரிதான் என்று நம்புவதற்கு ஏனோ கூடுதல் சாட்சி தேவைப்படுகிறது.

இந்தப் பயம் பிடித்தது தொண்ணூறுகளின் நடுவில். திருவிடந்தைப் பக்கம், கடலைப் பார்த்த ஒரு பங்களாவுக்கு சன்ஷேடு கட்டினேன். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதற்கும் பாரம் தாங்கும் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். நான் மேலேதான் கட்டியிருந்தேன். கலவை கொட்டியவர்கள் அதன்மேல் நடந்து நடந்து கம்பியைக் கீழே அமுக்கிவிட்டார்கள். அந்த நேரம் நான் டீ குடிக்கப் போயிருந்தேன். அடியில் முட்டுக் கொடுத்த பலகையைப் பிரித்ததும் சன்ஷேடு நாய்க்காது போலத் தொங்கிவிட்டது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. இடித்துவிட்டு வேறு போட்டோம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அத்தோடு போயிருக்கும்.

அன்றிலிருந்து வெளியே நீட்டுகிற எதைக் கட்டினாலும், வெட்டி மிஞ்சிய துண்டுகளில் நீளமானதாகப் பார்த்து எடுத்து, நடுநடுவே சொருகிக் கட்டிவிடுவேன். என் ஆட்கள் அதற்கு ‘சாமி கம்பி’ என்று பெயர் வைத்தார்கள்.

“அண்ணாத்த, இந்த சிலாபுக்கு எத்தினி சாமி?”

“வாய மூடிகினு கட்றா.”

சோதிக்க வரும் இன்ஜினியர்கள் கம்பி குறைந்தால்தான் கேட்பார்கள். கூடினால் கேட்டவர் இல்லை.

சிறுசேரி சைட்டில்தான் முதல்முதலாகக் கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள் பார்த்தேன். ஒரு பெண் இன்ஜினியர் அதைப் பார்த்துக்கொண்டார். பெரிய பெயர் ஏதோ உண்டு. நாங்கள் ‘மாடல்’ என்போம். காகித வரைபடம் போல இல்லை. தூண், பீம், தண்ணீர்க் குழாய், ஏசிக் குழாய், முக்கியமான சிலாப்களின் கம்பிகள் எல்லாம் அதற்குள் நின்றன. ஒன்று இன்னொன்றில் இடித்தால் சிவப்பாகிவிடும்.

“இனிமே எல்லா பில்டிங்கும் இப்படித்தான் மேஸ்திரி. முப்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து இதைத் திறந்தா போதும். சுவத்த உடைக்காமலே உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுடும்” என்றார்.

அன்று எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. நமக்குப் பதில் கவலைப்பட ஒரு மெஷின் வந்துவிட்டதே.

மூன்றாம் மாடியில் ஆறடி வெளியே நீட்டிய ஒரு பால்கனி. மாடல் இருந்தும் அதில் பதினோரு சாமி கம்பி போட்டேன். கம்பிக்குக் கம்பி ஆறு அங்குலம்தான் இடைவெளி. நடுவே ஒன்றைச் சொருகினால் ஜல்லி இறங்காது. அதனால் பக்கத்திலிருந்த கம்பிகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் நகர்த்தினேன். காலையில் கலவை வண்டி வருவதற்கு முன்னால், சோதனை முடிந்த பிறகு.

சில மாதம் கழித்து ஏசி போடும் இடம் மாறியது. அந்தப் பால்கனியில் குழாய் இறக்க வட்டவட்டமாக ஓட்டை போட வேண்டும். கம்பி இல்லாத இடங்களை மாடலிலிருந்து எடுத்து, அந்த இன்ஜினியர் அம்மா சிலாப் மேல் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

“நல்லா பாத்துட்டேன் மேஸ்திரி. ஒரு கம்பிகூட வெட்டுப்படாது. நாளைக்கு ஓட்டை போடுற மெஷின் வருது.”

வட்டங்களைப் பார்த்தேன். அவற்றில் பாதிக்குக் கீழே கம்பி இருந்தது. என்னுடையது வெட்டுப்பட்டால் போகட்டும். நான் நகர்த்தி வைத்தது பால்கனியைத் தாங்குகிற கம்பி. அதில் நாலைந்து போனால், பங்களாவில் தொங்கியது போல இங்கேயும் தொங்கும். இங்கே கீழே ஆள் நடமாடும் வாசல். வாயைத் திறந்தால் என் வேலை போய்விடும். சோதனைக்குப் பிறகு கம்பியை நகர்த்தியவனை எந்த சைட்டிலும் சேர்க்க மாட்டார்கள்.

ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்து மனைவி கேட்டாள். சொன்னேன்.

“கம்மி பண்ணியா, ஜாஸ்தி பண்ணியா?”

“ஜாஸ்திதான்.”

“ஜாஸ்தி பண்ணதுக்கு இன்னாத்துக்கு இந்த மூஞ்சி? போய் சொல்லிட்டு வா. வேல போனா போவுது. வூட்ல உக்காந்துகினு அந்த பால்கனி வுழுதா வுழுதான்னு நீ கேட்டுகினே இருப்ப. அத என்னால தாங்க முடியாது.”

காலையில் நான் மாடி ஏறியபோது மெஷினை முதல் வட்டத்தின் மேல் பொருத்திக்கொண்டிருந்தார்கள். மெஷின் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

“யோவ், பேஜாரு புடிச்சவனே! இன்னா பண்ற?” என்று மெஷின்காரர் கத்தினார்.

பிறகு சொன்னேன். சைட் மேனேஜர் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அந்த அம்மா மட்டும் கத்தவில்லை. சாக்பீஸை என் கையில் கொடுத்தார். “எங்கெங்க?”

முட்டி போட்டு, ஒவ்வொன்றாகக் கோடு இழுத்தேன். பயந்து பயந்து போட்டவனுக்கு இடம் மறக்காது என்றுதான் நினைத்தேன். கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறதா என்று ஒலி எழுப்பிச் சொல்லும் கருவி ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தார்கள். என் பதினோரு கோட்டிலும் அது கத்தியது. கோடே இல்லாத ஓர் இடத்திலும் கத்தியது. பன்னிரண்டாவது. அதை எப்போது போட்டேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

அதுதான் என்னை உலுக்கியது. மாடலுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற தைரியத்தில் சாக்பீஸ் பிடித்திருந்தேன். எனக்கும் தெரியவில்லை. நான் சொல்லாமல் செத்துப்போயிருந்தால், முப்பது வருடம் கழித்து அந்த மாடலைத் திறந்து பார்க்கிற மனிதர் அது காட்டுவதை நம்பித்தானே மெஷினை வைப்பார்?

ஓட்டைகளுக்கு வேறு இடம் பார்த்தார்கள். அந்த அம்மா பன்னிரண்டு கம்பியையும், நான் நகர்த்தியவற்றையும் மாடலில் ஏற்றினார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் கூலிக்காரன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் நான் ‘சாமி மேஸ்திரி’ ஆகிவிட்டேன்.

நான்காம் மாடியிலும் அதே மாதிரி பால்கனி. கலவை வருகிற காலை, துண்டுக் கம்பியோடு நின்றேன். சொருகவில்லை. கீழே ஆபீஸுக்கு இறங்கிப் போய், “ஒண்ணே ஒண்ணு போட்டுக்கட்டுமா ம்மா?” என்று கேட்டேன்.

அவர் திரையில் பார்த்தார். “வேணாம் மேஸ்திரி. இருக்கிறதே தாராளம்.”

“அப்போ ஒண்ணு கேக்கறேன். கலவ கொட்றவங்க கம்பி மேல மிதிச்சா, அது இதுல தெரியுமா?”

அவர் திரையிலிருந்து நிமிர்ந்தார். “தெரியாது.”

துண்டுக் கம்பியை அவர் மேஜை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு மேலே போனேன். கலவை கொட்டி முடிக்கிறவரை அந்த இடத்தை விட்டு நான் நகரவில்லை. கம்பியில் கால் வைக்கப் போனவனை எல்லாம் நடக்கப் போட்டிருந்த பலகை மேல் ஏற்றிவிட்டேன். நடுவில் டீ வந்தது. நான் போகவில்லை.