தாய்க்கு வயது பதினெட்டு

கேள்வி கேட்ட ஒரு மாணவியை, கேள்வி சரியானது என்று தெரிந்தே, அவள் தந்தையிடம் அடிவாங்க வைத்தேன். அந்தக் கணக்கு ஆசிரியை நான்தான்.

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள்... நான் தடுக்கப் போவதில்லை.

கருவடிக்குப்பத்தில் ஒரு பள்ளி. எட்டாம் வகுப்பு. பின்வரிசையில் தலைமையாசிரியை அமர்ந்து என் பாடத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். நானே ஒரு கணக்கைப் புனைந்து கரும்பலகையில் எழுதினேன்: தாயின் வயது மகளின் வயதைப்போல் மூன்று மடங்கு, ஆறு ஆண்டுகளுக்குப் பின் இரண்டு மடங்கு, இருவரின் இப்போதைய வயது என்ன?

மகளின் வயதை x என்று வைத்துக்கொண்டு வகுப்பே போட்டு முடித்தது. மகளுக்கு ஆறு, தாய்க்குப் பதினெட்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை!

நிவேதா கையைத் தூக்கினாள். விடையைக் கணக்கில் பொருத்திப் பார்க்காமல் பேனாவை மூடாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வேன். அதை உண்மையென்று நம்பிய ஒரே பெண் அவள்.

“மிஸ், பொருத்திப் பாத்தேன், சரியாத்தான் வருது. ஆனா அம்மாவுக்குப் பன்னெண்டு வயசுலயா கொழந்த பொறந்துச்சு?”

வகுப்பு சிரித்தது. தலைமையாசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். சுலபமான எண்களைத் தேடிய நான் அந்தத் தாயை நினைத்தே பார்க்கவில்லை... தவறு என்னுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொன்னேனா? “என்ன அசிங்கமான பேச்சு இது?” என்று அவளை வெளியே நிறுத்தினேன்.

அதோடு விட்டேனா? தலைமையாசிரியை என்னை விசாரித்துவிடுவாரோ என்ற பயத்தில் நானே முந்திக்கொண்டேன். தட்டாஞ்சாவடிப் பட்டறையிலிருந்து அவள் தந்தையை வரவழைத்தேன். கையில் கிரீஸ் கறையோடு வந்து நின்றார்.

“கொழந்த பொறக்கறதப் பத்தியெல்லாம் கிளாஸ்ல பேசுறா” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, கவனித்தீர்களா? பொய்யே சொல்லாமல் ஒரு குழந்தையைக் கெட்டவளாக்க முடிந்தது என்னால்!

என்ன கணக்கு என்று அவர் கேட்கவில்லை. என் எதிரிலேயே அவளை அறைந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறு ஆண்டே எண்களைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டேன். ஆறு ஆண்டுகள் பன்னிரண்டு ஆண்டுகளாயின; விடை, தாய்க்கு முப்பத்தாறு, மகளுக்குப் பன்னிரண்டு. இப்போதும் அதைத்தான் நடத்துகிறேன். நடத்தும்போதெல்லாம் கூசிப்போகிறேன்... கூசி என்ன பயன்?

அன்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் என்னிடம் சொன்னாள்: “மன்னிச்சிடுங்க மிஸ். இனிமே எதுவும் கேக்க மாட்டேன்.”

பத்தாம் வகுப்பு வரை என்னிடம்தான் படித்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.