சாத்திக் கிடந்த ஜன்னல்

வேங்கிக்கால் அரசு ஊழியர் குடியிருப்பில் நான் வளர்ந்தேன். அப்பா கலெக்டர் ஆபீசில் கிளார்க். மூன்று மாடிக் கட்டடங்கள் நான்கு, நடுவில் சிமெண்ட் முற்றம். அந்த இடத்தைத்தான் இப்போது லினோ என்ற ரப்பர் மாதிரியான ஷீட்டில் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் இருபத்தைந்து பிரதிகள்தான். அது முடிந்ததும் ஷீட்டின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு கீறிவிடுவேன். பிறகு நானே நினைத்தாலும் இன்னொன்று எடுக்க முடியாது.

போன வருஷம் செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடைச் சுவரில் ஒன்பது படங்களை மாட்டினேன். பெரும்பாலான படங்களில் எதிர்க் கட்டடத்து இரண்டாம் மாடி ஜன்னல் ஒன்று வரும். மற்ற ஜன்னல்களில் துணி தொங்கும், தலை தெரியும். அது மட்டும் சாத்தியே இருக்கும். சின்ன வயதில், உள்ளே பாம்பு இருக்கிறது என்றாள் எங்களில் ஒருத்தி. ட்ரெஷரிப் பணப்பெட்டி இருக்கிறது என்றான் ஒருவன். பெரியவர்களைக் கேட்டால், "போய் விளையாடுங்க" என்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி தீரவே இல்லை.

மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், கீழ்பென்னாத்தூரில் டீச்சராம். அந்த ஜன்னல் பெரிதாக வரும் படத்தின் முன்னால் வெகு நேரம் நின்று, கீழே இருந்த என் பெயரைப் படித்தார்.

"இது எங்க வீடு," என்றார்.

சட்டென்று அவர் பக்கம் திரும்பினேன். "ஏன் எப்பவும் சாத்தியே இருந்துச்சு?"

"எனக்கு ஜுரம் வந்து ஹார்ட் வால்வு கெட்டுப்போச்சு. படி ஏறி எறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு வருஷம் வீட்லயேதான் இருந்தேன். நீங்கல்லாம் ஆடறதைப் பாத்தா நான் அழுவேன்னு அம்மா சாத்தி வெச்சுட்டாங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"ஜன்னல் கதவுல ஒரு சின்ன மரத்துண்டு பேந்து போயிருந்துச்சுக்கா. அதுல கண்ணை வெச்சுத் தெனமும் பாப்பேன். நீங்க பாண்டி ஆடறப்ப யாரும் பாக்காத நேரமாப் பாத்து சில்லைக் கால்ல நகத்துவீங்க."

முப்பது வருஷமாக எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்த விஷயம் அது.

மறு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். மேலிருந்து என்னவெல்லாம் தெரிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மனிதர்கள் வெறும் வகிடும் ரிப்பனுமாகத் தெரிந்தார்களாம். கீழே நின்ற நாங்கள் மிதித்து அழித்த கோலத்தை அவர் தினமும் முழுசாகப் பார்த்திருக்கிறார். முற்றத்துத் தரையடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியில் விரிசல் ஒன்று கிளை விட்ட மரம் மாதிரி ஓடியதாம். நான் அதன் மேல்தான் உட்காருவேன், ஒருநாளும் கவனித்ததில்லை. அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். "இல்லக்கா, கொடிக்கயிறு இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்," என்று என் பென்சிலை வாங்கி அவரே இரண்டு கோடு போட்டார். செதுக்கி முடிக்க ஒரு மாசம் ஆனது. முதல் பிரதியை அவருக்குக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். "அம்மா கிட்ட காட்டினேன்க்கா. நான் பாத்துக்கிட்டு இருந்தது அவங்களுக்கு இப்பதான் தெரியும். நீ அழுதுக்கிட்டா பாத்தேன்னு என்னைக் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மொதல்ல கொஞ்ச நாள் அழுதேன், அப்பறம் உங்க ஆட்டம் புரிஞ்சுபோச்சு, யார் ஜெயிப்பான்னு பாக்க ஆரம்பிச்சுட்டேன்னு சொன்னேன். அம்மா இப்ப அந்தப் படத்துல யார் யாருன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."