வேலை கேட்டேன், காலுக்கு ஜெபித்தார்கள்

சபையார் எல்லாரும் பார்க்க நான் கீழே விழுந்தேன். விழ வைத்தவர்கள் விசுவாசிகள். அதைச் சொல்லாமல் என் சாட்சியைத் தொடங்க முடியாது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. கையில் ஊன்றுகோல், வெளியே போக பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்.

2006-ஆம் வருடம், நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் குழுவுக்கு எங்கள் சபையில் ஆள் கேட்டார்கள். சொந்தபந்தம் இல்லாமல் ரூமில் தங்கி வேலை செய்கிறவர்கள் காய்ச்சலில் படுத்தால் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் கிடையாது. எனக்கு அது தெரியும். ஆராதனை முடிந்ததும் குழுத்தலைவர் ஆசீர் அண்ணனிடம் போனேன்.

"வா தங்கச்சி, காலுக்குத்தான?" என்று எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவிட்டார்.

"இல்லண்ணே, குழுவுக்குப் பேர் குடுக்க வந்தேன்."

"மொதல்ல நீ சொகமாவு. ஊழியத்தப் பொறவு பாப்போம்."

காலில் எண்ணெய் பூசி ஜெபித்தார். இரண்டு பேர் என் கையைப் பிடித்தார்கள். ஒருவர் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டார். "விசுவாசத்தோட நட" என்று கையை விட்டார்கள். விழுந்தேன். "விசுவாசம் பத்தல" என்று பின்னால் ஒரு அக்கா சொன்னது காதில் விழுந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சின்ன வயதிலிருந்து வருகிற போகிற பிரசங்கியார் எல்லாம் இந்தக் காலில் கை வைத்தாயிற்று. உனக்கு என்ன செய்ய வரும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அன்று வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து ஆண்டவரிடம் சண்டையே போட்டேன். "இந்தக் காலைப் பற்றி இனி உம்மிடம் கேட்கமாட்டேன். எனக்கு வேலை கொடும். உம்முடைய வீட்டில் எனக்கு வேலை இல்லையென்றால் நான் அங்கே எதற்கு வரவேண்டும்?"

அதன் பிறகு சபைக்குப் போகவில்லை.

அப்போதுதான் சிக்குன்குனியா வந்தது. எங்கள் லைன் வீடுகளில் ஒருவர் பாக்கியில்லாமல் மூட்டு பிடித்துப் படுத்துவிட்டார்கள். என்னை அது தொடவில்லை. வேலைக்கு ஆள் வராமல் கம்பெனியும் மூடிக்கிடந்தது. எங்கள் வீட்டுக்கார அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்.

"ஏங்கண்ணு, ஊரே இப்ப உன்னையாட்டத்தான் நடக்குது."

"சிரிக்காதீங்கம்மா."

"எங்க சிரிக்கறது, இடுப்பே போச்சு. பின்னாடி ரூம்ல இருக்கற புள்ளைங்க அடுப்பே பத்த வெக்கல. அரிசி நாந்தாரேன். கஞ்சி காச்சி உன்ற வண்டில கொண்டுபோயிக் குடுக்கறியா?"

நான் கேட்ட வேலை வாசலுக்கு வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். இந்தக் காலோடு உன்னால் முடியுமா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கஞ்சிப் பாத்திரத்தை ஸ்கூட்டரில் வைத்து ரூம் ரூமாகப் போனேன். ஆசீர் அண்ணனும் படுத்திருப்பதாகச் சொன்னார்கள். அவர் மனைவி, மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். அந்தத் தெருவைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆண்டவர் விடவில்லை. போனேன். அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

"மொதல்ல நீங்க சொகமாவுங்கண்ணே. கஞ்சியப் பொறவு பாப்போமா?" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். "குடும்மா, பசிக்கி" என்றார். கரண்டியால் ஊட்டிவிட்டேன்.

அவர் எழுந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, குழுவில் என் பெயரை வாசித்தார். கேட்ட வேலை கிடைத்துவிட்டதால் அன்று நானும் சபைக்குப் போயிருந்தேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். என் ஜெபத்தை அவர் கேட்டார். என் கால் அப்படியேதான் இருக்கிறது. இப்போது யாராவது அதில் கை வைக்க வந்தால், "எனக்கு நேரமாச்சுங்கய்யா" என்று கிளம்பிவிடுகிறேன்.

உடம்பில் குறை இருக்கிறதென்று கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்ட சகோதரியே, சகோதரனே, யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். ஆண்டவரிடமே கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் அவர் தள்ளமாட்டார். ஞாயிறு மதியம் எங்கள் குழு நோயாளிகளைப் பார்க்கக் கிளம்புகிறது. படுத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். எங்களுக்கு ஆள்தான் போதவில்லை.