ஓடவில்லை, பஸ்ஸில் போனாள்

என் தங்கை ஓடிப்போனாள் என்றுதான் எங்கள் பிளாக்கில் இன்றுவரை சொல்கிறார்கள். அவள் ஓடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு நடந்துதான் போனாள். வடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை. அன்று மட்டும் வடலூர் பஸ் நிற்கும் பக்கம் நிற்காமல், ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்று பண்ருட்டி பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடமும் கிடைத்ததாம். மதியத்துக்குள் திருவந்திபுரம் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, என் போனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள்.

"அக்கா, கல்யாணம் ஆயிடுச்சி. நல்லா இருக்கோம். புளிசாதத்த ரெண்டு பேரும் சாப்ட்டோம். அம்மாகிட்ட நீயே சொல்லிடு."

எஸ்கேப் என்ற சொல்லைத் தமிழ் என்று நினைத்துத்தான் நான் வளர்ந்தேன். எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஓவர்டைம் பார்க்கக் கூப்பிட்டால் ஆள் எஸ்கேப்பு. கோயில் நன்கொடைக்கு யாராவது முன்வாசலில் வந்து நின்றால், அப்பா பின்வாசல் வழியாக எஸ்கேப்பு. பக்கத்து பிளாக் பையன் வேலை கிடைத்து வெளிநாடு போனபோது, "எஸ்கேப் ஆயிட்டாம்ப்பா" என்று எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். பெண் விஷயத்தில் மட்டும் அந்தச் சொல் ஏனோ கிடைப்பதில்லை. அதற்குத் தமிழ் தயாராக இருந்தது.

தங்கை சொல்லாமலும் போகவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பே வீட்டில் சொன்னாள். பையனுக்கு ஊர் முத்தாண்டிக்குப்பம், முந்திரிக்காட்டுப் பக்கம். மைன்ஸில் கான்ட்ராக்டில் எலக்ட்ரீஷியன். பர்மனென்ட்டா என்று அப்பா கேட்டார். பிறகு சாப்பிட்ட கையைக் கழுவாமலேயே வாதாடினார்.

"நான் ஜாதி கேட்டனா? இல்ல. அந்தக் காலத்து ஆளு மாரி எதுனா பேசுனனா? பர்மனென்ட்டான்னு ஒரே ஒரு வார்த்த கேட்டேன். அது தப்பா?"

"அவரோட அப்பா நிலத்துல கூலிக்குப் போனவரு. இவரு வயரிங் கத்துகினு இவ்ளோ தூரம் வந்துருக்காரு. பர்மனென்ட் ஆவுறது அவரு கையிலயா இருக்கு?" என்றாள் தங்கை.

"அப்ப ஆவட்டும். ஆனப்புறம் பாக்கலாம்."

இங்கே ஒருவர் பர்மனென்ட் ஆவதற்குக் காத்திருந்தால் எத்தனை முகூர்த்தம் தாண்டும் என்பது அப்பாவுக்கும் தெரியும்.

செய்தி வந்த அன்று மாலை எனக்கு வகுப்பு. குவார்ட்டர்ஸின் முன் அறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்ஜினீயரிங் முடித்து இன்டர்வியூவுக்கு அலைகிறவர்கள் நாலைந்து பேர், கணவரோடு வெளியூர் போனால் உதவும் என்று சேர்ந்த பெண்கள் சிலர். "கிளாஸ நிறுத்துனா ஊருக்கே தெரிஞ்சிடும். நடத்து" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளறையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஒரு சொல், அதற்கு ஒத்த சொற்கள் என்று புத்தகத்தில் பாடம் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு வந்து நின்ற சொல் எஸ்கேப். வேறு பக்கத்துக்குப் போயிருக்கலாம். போனால் ஏன் என்று கேட்பார்கள். நடத்தினேன். பயந்து ஓடினால் ஃப்ளீ. வரி கட்டாமல், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவினால் எவேட். பிடிக்க வந்தவன் கையில் அகப்படாமல் போனால் எலூட்.

"மிஸ், கம்பி நீட்றதுக்கு?" என்றான் ஒரு பட்டதாரி.

"அப்ஸ்காண்ட்."

எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா பேனாவை மூடிவைத்தாள். வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி அது. "மிஸ், ஒருத்தரு வூட்ல சொல்லாம போய்ட்டாங்கன்னு வெச்சிக்குங்க. போலீசு தொரத்தல, பயந்துகினும் போவல. அதுக்கு எந்த வார்த்த போடணும்?"

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. உள்ளறையில் கட்டிலும் லேசாக முனகியது. எல்லோரும் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்கள்.

"லீவ்" என்றேன். "ஷி லெஃப்ட். அவ்வளவுதான்."

"லீவா? ஞாயித்துக்கெழம லீவு மாரியா?"

"அதே லீவுதான்க்கா."

அவள் அதை எழுதிக்கொண்டாள். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். நான் போர்டை அழிப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.

அதன்பின் அப்பா வீட்டில் ஒரு சட்டம் போட்டார். அவள் பேர் எடுக்கக் கூடாது, அந்தப் பக்கம் போகக் கூடாது. வெளியே கேட்டவர்களுக்கு, சென்னையில் பெரிய லேபில் வேலை கிடைத்துப் போயிருக்கிறாள் என்று சொன்னார். அதாவது, எஸ்கேப் ஆகிவிட்டாள். கேட்டவர்களும் நம்பியதுபோல் தலையாட்டினார்கள்.

அம்மாவுக்கு அந்த மாதத்திலிருந்து பக்தி கூடியது. வடலூர் சபைக்குப் போய் ஜோதி பார்த்து வருகிறேன் என்று வாரத்துக்கு ஒரு நாள் கிளம்பினாள். திரும்பி வரும்போது முந்தானையில் பச்சை முந்திரிக்கொட்டை முடிந்திருக்கும். சபையில் முந்திரி கொடுப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. நானும் கேட்கவில்லை. ஏனென்றால், புத்தகம் வாங்கப் பண்ருட்டி போகிறேன் என்று நானும் கிளம்பத் தொடங்கியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பண்ருட்டி போகும் வழியில் முத்தாண்டிக்குப்பத்தில் இறங்கித் தங்கை வீட்டுக்குப் போனால், அம்மா அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "புக்கு வாங்கிட்டியா?" என்றாள்.

"ஜோதி பாத்துட்டியா?" என்றேன்.

தங்கை சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். தாலிச் சரடு இன்னும் மஞ்சள் மாறாமல் இருந்தது. ஓட்டு வீடு, ஒரே அறை. சுவிட்ச் போர்டு மட்டும் எங்கள் குவார்ட்டர்ஸில் இருப்பதைவிட நன்றாக இருந்தது. அவள் கணவர் காலை ஷிஃப்ட் போயிருந்தார்.

மதியம் வாசலில் நிழல் தட்டியது. அப்பா. தோளில் முழுப் பலாப்பழம். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா கீரையைத் தட்டால் மூடினாள், அதுதான் குற்றத்துக்குச் சாட்சி என்பதுபோல.

"பண்ருட்டிக்குப் பழம் வாங்கப் போனேன்," என்றார் அப்பா, யாரும் கேட்காமலேயே. "திரும்பி வரச்சொல்லோ பஸ்ஸு இங்க நின்னுச்சி."

"எல்லா பஸ்ஸும் இங்க நிக்கும்ப்பா," என்றாள் தங்கை. அழுதுகொண்டே சொன்னாள். பழத்தை அவர் தோளிலிருந்து இறக்கப் போனவள், இறக்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெயிட்டா இருக்கு, வுடு," என்றார்.

பிறகு எல்லோரும் பேசாமல் இருப்பதற்கு வசதியாக ஒரு வேலை கிடைத்தது. கத்தியில் எண்ணெய் தடவி அப்பா பழத்தைப் பிளந்தார். நாங்கள் சுளை எடுத்தோம். பழைய சாக்கு விரித்த அந்த அறையில் கால் வைக்க இடமில்லை. அந்த நேரத்தில்தான் ஷிஃப்ட் முடிந்து அவள் கணவர் வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். மாமனார் கையில் கத்தி. ஒரு நொடி நின்றவர், ஸ்டாண்டைத் தட்டிவிட்டு சைக்கிளைச் சத்தமில்லாமல் தெருப்பக்கம் திருப்பினார்.

அப்பா பார்த்துவிட்டார். இத்தனை மாதமும் அவரை 'அவன்' என்று மட்டும் சொல்லிவந்த மனிதர், கத்தியைக் கீழே வைத்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க? உங்க வூடுதான். உள்ள வாங்க."

மருமகன் வந்து, உட்கார இடமில்லாமல் சுவரோரமாகவே நின்றார். அப்பா ஒரு சுளையை எடுத்து நீட்டினார். "சாப்டுங்க" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "கான்ட்ராக்ட் எதுவரைக்கும் இருக்கு?" என்று கேட்டார்.