கைரேகைக்கு ஒரு காகிதம்

என் மேசை மேல் ஒரு தாள் கிடக்கிறது. ஏ-ஃபோர் அளவு, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டது. வலது மேல் மூலையில் ‘கன்ட்ரோல்டு காப்பி’ என்ற நீல முத்திரை. அதன் கீழே என் கையெழுத்தில் ஒரு பதிவு எண், 2012ஆம் ஆண்டுக்குரியது. மூன்று ஆண்டுகள் காத்த பின் அழிக்க வேண்டிய பதிவுகளின் பட்டியலில் இது பத்தொன்பதாவது. முதல் பதினெட்டையும் காலையிலேயே அழித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே சுருக்கொப்பம் இட்டுவிட்டேன்.

ஒரகடத்தில், கார்களுக்கு வயர்க் கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில், ஆவணக் கட்டுப்பாடு என் வேலை. எந்தப் படிவம் நடப்பில் இருக்கிறது, எது பழையது, எதை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். எண் இல்லாத காகிதம் எங்கள் கூரையின் கீழ் காகிதமே இல்லை. 2006இல் சேர்ந்த வாரத்தில் இதைச் சொல்லித் தந்தார்கள். நான் எளிதில் கற்றுக்கொண்டேன். வீட்டு நாட்குறிப்பைக்கூடப் பள்ளி நாளிலிருந்தே பக்க எண் போட்டு எழுதுகிறவன்.

இந்தத் தாளில் அச்சாகியிருப்பதை எழுதியவரை எல்லோரும் டெஸ்டிங் அக்கா என்போம். முடிந்த வயர்க் கட்டைப் பலகையில் பொருத்தி, எல்லா விளக்கும் பச்சையாக எரிகிறதா என்று பார்க்கும் பகுதிக்கு அவர் பொறுப்பு. தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர். மணிமங்கலத்தில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தன் தாயாருடன் இருந்தார். என்னைவிட நான்கு வயது இளையவர். கம்பெனிப் பேருந்து முழுவதும் அக்கா என்றதால் நானும் ஒருநாள் அப்படியே அழைத்துவிட்டேன். “ஏன் சார், ஒங்களுக்குமா நான் அக்கா? தலைய ஒருதடவ கண்ணாடில பாத்துட்டுச் சொல்லுங்க” என்றார். முன் இருக்கைகள் சிரித்தன. அதன் பிறகும் அக்கா என்றே அழைத்தேன். அவருக்கு நான் டாகுமெண்ட் சார்.

அவர் மணிமங்கலத்துக்குப் பக்கத்தில், படப்பையில் ஏறுவார். ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுநர், “இன்னாக்கா, இன்னிக்கு இன்னா நூஸு?” என்று கேட்பார். ஒரகடம் வரும் வரை தொழில்நுட்பச் செய்திகள் நடக்கும். எந்தக் கைபேசிக்கு விலை குறைந்தது, எந்த நிறுவனம் எதை வாங்கியது, எந்த நாட்டில் எந்தத் தளத்தைத் தடை செய்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. செய்தி ஒரு வரி, அவர் கருத்து பத்து வரி. நடுநடுவே கைபேசியில் பண்ணை வளர்க்கும் ஆட்டம் ஒன்றை ஆடுவார். அதில் அவர் எழுபது நிலைகளைத் தாண்டியிருந்தார். பேருந்தில் வேறு யாரும் முப்பதைத் தொட்டதில்லை. ஒருநாள் அந்த ஆட்டத்தின் விதிகள் மாறியபோது அவர் சொன்னதை அன்றே குறித்து வைத்தேன்: “விளையாட்டுக் கம்பெனிக்காரன், நாளையிலேர்ந்து இது மாறுது, இதுக்குச் சம்மதமான்னு கேக்கான். நாம ‘சம்மதம்’னு அமுக்குனாத்தான் உள்ள விடுதான். சோறு போடுத கம்பெனி ஒருநா கேட்டிருக்கா?”

இதைச் சொன்னது கைரேகைக் கருவி வந்த மாதம். அதுவரை வருகைக்கு அட்டை தேய்த்தோம். வாசலில் கருவியைப் பொருத்தி, இரண்டு நாளில் எல்லோருடைய வலது கட்டைவிரலையும் பதிந்துகொண்டார்கள். விரலை ஏற்றுக்கொண்டால் அது ஆங்கிலத்தில், பெண் குரலில் நன்றி சொல்லும். நாளெல்லாம் வயரின் மேல் டேப் சுற்றும் பெண்களுக்கு ரேகை தேய்ந்திருந்தது. அவர்களுக்கு அது நன்றி சொல்லாது. மறுபடி வை என்று திரும்பத் திரும்பச் சொல்லும். பின்னால் வரிசை நிற்கும். சிலருக்கு வந்த நாளும் வராத நாளாகப் பதிவானது. அக்கா தன் ஆட்களுக்காக மூன்று முறை மேலே போய்ப் பேசினார். மூன்று முறையும் கையை ஈரப்படுத்திக்கொண்டு வைக்கச் சொன்னார்கள்.

ஒரு திங்கட்கிழமை மாலை, திரும்பும் பேருந்தில், என் பக்கத்து இருக்கைக்கு வந்தார். வழக்கமான உரத்த குரல் இல்லை.

“சார், ஒண்ணு கேக்கேன். எங்க வெரல வாங்கி வச்சிருக்காவல்லா, அது எங்க இருக்கு, யாரெல்லாம் பாக்கலாம், வேலைய விட்டா அழிப்பாவளான்னு ஒங்ககிட்ட நம்பர் போட்ட காயிதம் எதாச்சும் இருக்கா?”

மறுநாள் பட்டியலைப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு ஆவணங்கள். கழிப்பறையைச் சுத்தம் செய்யும் முறைக்குக்கூட எண் இருந்தது. கைரேகைக்கு இல்லை. மாலையில் அவரிடம், “லிஸ்ட்ல இல்லக்கா” என்றேன். பிழையில்லாத பதிலைத் தந்த திருப்தி எனக்கு இருந்தது.

புதன்கிழமை அவர் தன் இணையப் பக்கத்தில் ஒன்பது வரி எழுதினார். அதுதான் இந்தத் தாள். நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை. திட்டு இல்லை. ‘நம் விரல் நம்முடையதா என்று சட்டம் இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று தொடங்கி, ‘அதைப் பற்றி ஒரு காகிதம்கூட இல்லை’ என்று முடிகிறது. வியாழன் காலைக்குள் இருநூறு பேருக்கு மேல் பார்த்திருந்தார்கள். பதினொரு மணிக்கு மனிதவள மேலாளரின் உதவியாளர் அதன் அச்சுப் படியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, மேலாளர் அறைக்கு எடுத்துவரச் சொன்னார். நான் தாளை எடுத்தேன். தேதியிட்டேன். பதிவேட்டைத் திறந்து அடுத்த எண்ணைக் கொடுத்து, முத்திரை வைத்தேன். யாரும் சொல்லவில்லை. என் மேசையைத் தாண்டி அறைக்குள் போகும் எந்தத் தாளுக்கும் அதுதான் வழக்கம்.

அறையில் நாங்கள் மூவர். அக்காவுக்கு நாற்காலி காட்டவில்லை. ஆறு ஆண்டாக ஒப்பந்தத்தில் இருந்தார். அடுத்த மாதம் அவர் பெயர் நிரந்தரப் பட்டியலில் வர வேண்டியது. அதை நம்பித் தாயாரின் கண் அறுவைக்கு நாள் குறித்திருந்தார். நிரந்தரமானால்தான் தாயாருக்கும் மருத்துவ அட்டை கிடைக்கும்.

“யாரும்மா உனக்குச் சொன்னது, பேப்பர் இல்லைன்னு?” என்றார் மேலாளர்.

“யாரும் சொல்லல சார். நானா நெனச்சிக்கிட்டேன்.”

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. நான் கோப்பின் நூலைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

“ஐ.டி. சட்டத்துல ஒரு செக்‌ஷன் இருக்கு தெரியுமா? நெட்ல எழுதினா மூணு வருஷம்.”

“படிச்சிருக்கேன் சார். அடுத்தவனுக்கு எரிச்சல் வந்தாலே குத்தம்னு போட்டிருக்கு. அப்படிப் பாத்தா நம்ம லைன்ல ஷிப்டுக்கு அடிக்குத மணிக்கு ஆயுள் தண்டனைலா குடுக்கணும்.”

மேலாளர் சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை. எழுதியதை எடுத்துவிடு, ஒரு மன்னிப்புக் கடிதம் கொடு, இதை இங்கேயே கிழித்துப் போட்டுவிடலாம் என்றார். அக்கா அங்கேயே கைபேசியை எடுத்து அழித்தார். கடிதம் தருவதாகவும் சொன்னார். மேலாளர் தாளைக் கிழிக்க இரண்டு கையாலும் பிடித்தார். அப்போதுதான் மூலையைக் கவனித்தார்.

“என்ன சார், நம்பர் போட்டுட்டீங்க?”

அடுத்த வாரம் வாடிக்கையாளர் நிறுவனத்தின் தணிக்கை. எண் உள்ள பதிவைக் கேட்டால் காட்ட வேண்டும். அதில் எடுத்த நடவடிக்கை என்று ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் குறை. “வெறும் மன்னிப்புக் கடிதம்னு எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்களே” என்று மேலாளர் தாளைக் கீழே வைத்தார்.

“கேன்சல் பண்ண முடியாதா?”

“முடியாது சார்” என்றேன்.

முடியும். காரணம் எழுதிக் கையெழுத்திட்டால் எந்த எண்ணையும் ரத்து செய்யலாம். அதற்கு முன் ஆறு முறை செய்திருக்கிறேன். அந்த ஆறும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. ஏழாவது காரணத்தை எழுத உட்கார்ந்தால், பட்டியலைப் பார்த்துச் சொன்னவன் யார் என்ற கேள்வி வந்துவிடும் என்று நினைத்தேனா என்று தெரியவில்லை. அன்றைய பக்கத்தில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ‘ஒரு பதிவு சேர்ந்தது. மதியம் தயிர்சாதம். மழை இல்லை’ என்று இருக்கிறது.

நடவடிக்கைக் கட்டத்தில், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று எழுதினார்கள். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. தணிக்கைக்கு வந்தவர் அந்தக் கோப்பைக் கேட்கவே இல்லை.

கடைசி நாளில் அக்கா வழக்கம்போலப் பேருந்தில் வந்தார். ஓட்டுநர் செய்தி கேட்டார். “இன்னைக்கு லீவு அண்ணே” என்று ஆட்டத்தை எடுத்துக்கொண்டார். படப்பையில் இறங்கும்போது, “வாரேன் சார்” என்றார். நான் தலையசைத்தேன். மாதக் கடைசியில் தாயாரை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. கண் அறுவை நடந்ததா என்று தெரியாது. அவர் கைபேசி எண் என்னிடம் இருக்கிறது. அழைத்ததில்லை.

இந்த ஆண்டு, மேலாளர் சொன்ன அந்தச் சட்டப் பிரிவே செல்லாது என்று டில்லியில் தீர்ப்பாகிவிட்டது. மறுநாள் காலை ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “சார், அந்தக்கா இருந்தா இன்னிக்குப் பேசியே நம்ம காத கிழிச்சிருக்கும்ல?” என்றார். ஆமாம் என்றேன். மற்றவர்கள் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரகடம் வரும் வரை வேறு பேச்சு இல்லை.

இன்று மதியம், பத்தொன்பதாவது தாளுக்கு வந்ததும், எழுந்து கணினிப் பிரிவுக்குப் போனேன். அக்காவின் பணியாளர் எண்ணைச் சொன்னேன். அங்கிருந்த பொறியாளர் தட்டினார். பெயர் வந்தது. வலது கட்டைவிரல் உள்ளது என்று காட்டியது. கடைசியாக விரல் வைத்தது 2012, மாலை ஐந்து நாற்பத்திரண்டு. அவர் இன்று வந்து விரலை வைத்தாலும் கருவி நன்றி சொல்லும்.

“இன்னும் இருக்கு சார். டெலீட் பண்ணிடட்டா?” என்றார் பொறியாளர்.

“அதுக்கு ஃபார்ம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஒங்களுக்குத் தெரியாத ஃபார்மா சார்? அப்படி ஒண்ணும் இல்லையே.”

“அப்ப இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தாள் மேசையில்தான் இருந்தது. ஒன்பது வரியையும் ஒருமுறை படித்தேன். கடைசி வரி இன்றும் சரியாகத்தான் இருக்கிறது. தாளைக் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் விட்டேன். முத்திரை உள்ள மூலை கடைசியாகப் போனது. பட்டியலில் பத்தொன்பதுக்கு எதிரே, காரணம் என்ற கட்டத்தில், காலம் முடிந்தது என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன். பிறகு அந்தப் பட்டியலுக்கு ஒரு எண் போட்டேன்.