சீட் பெல்ட்டின் கடைசி முழம்

ஜூன் 8, ஞாயிறு. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து வைத்து, முந்தின நாளின் டயரியை எழுதி முடித்து, மனைவியுடன் கிளம்பினேன். முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளால் பைக்கில் உட்கார முடியாது. பழைய கார் தேடி நாங்கள் அலைந்த நான்காவது ஞாயிறு அது.

என்னுடன் கம்பெனி பஸ்ஸில் வரும் தனசேகர், எங்கள் கம்பெனியிலேயே செய்த தன் காரை விலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். நான்தான் தயங்கினேன். வண்டி பழுதானால் தினமும் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? கடைக்காரரிடம் என்றால் சண்டையாவது போடலாம்.

மண்ணூர்ப் பக்கம் ஒரு கடையில் வெள்ளைக் கார் பளபளவென்று நின்றது. இருந்த அலுப்பில் அதையே முடித்துவிடலாம் என்று உள்ளே உட்கார்ந்தேன். ஒரகடம் கார் கம்பெனியில் சீட் பெல்ட்டைச் சோதிப்பதுதான் என் வேலை. கை தானாகவே பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தது. எப்போதும் உள்ளே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி முழத்தில் காய்ந்த சேறு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி.

"இன்னா சார், கொயந்தைங்க காபி கொட்டிகீதுங்க" என்றார் கடைக்காரர்.

"காபில சேறு கலந்தா குடிக்கும்?" என்றாள் மனைவி.

வண்டியிலிருந்து இறங்கித் திரும்பினோம். அந்தக் கடைக்காரர் என்னை மறுபடி பார்க்கப்போவதில்லை. தனசேகரோ தினமும் என் முகத்தில் விழித்தாக வேண்டும். இது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை பஸ் ஏறியதும் முதலில் தனசேகர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வண்டியைப் பார்க்க வருகிறேன், ஆனால் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பார்ப்பேன் என்றேன்.

"இழுத்துப் பாருபா" என்று சிரித்தார். "கையோட வந்துச்சுன்னா உன் செக்கிங்தான் சரியில்ல."